பட்டியலில் பெயர் இருக்கட்டும்

பேனாவா அம்மா? இருக்கிறது. ஆனால் சிவப்பு. சிவப்பு மையில் எழுதிய விண்ணப்பத்தை இங்கே வாங்க மாட்டார்கள். பின்பக்கம் ஆறாவது குறிப்பைப் பாருங்கள்: 'நீலம் அல்லது கருப்பு மையில் மட்டும்.' வாசலில் ஜெராக்ஸ் கடையில் பேனா விற்கிறார்கள். போய் வாங்கி வாருங்கள், உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பெஞ்சில் எழுந்தவர் இடம் மறுநிமிடம் போய்விடும். இதோ, என் பையை வைக்கிறேன். பத்தொன்பது வருடக் காகிதம் இருக்கிறது, யாராலும் சுலபமாக நகர்த்த முடியாது.

வந்துவிட்டீர்களா? உட்காருங்கள். நீலம்தானே? சரி.

ஏன் சிரிக்கிறீர்கள்? நான் பேசுவது இப்படித்தான். சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்தவர் எழுதியதைப் படித்து, தப்பு இருந்தால் ஓரத்தில் சிவப்பில் குறி போடுகிற வேலை. அச்சகத்தை மூடி நாலு வருடம் ஆகிறது. பேனா மட்டும் சட்டைப்பையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. என் மனைவி சொல்வாள்: "உங்க கூட நிம்மதியா ஒரு சண்ட போட முடியுதா? நான் கத்தி முடிக்கிறதுக்குள்ள நீங்க கமா போட்டுட்டு நிக்கிறீங்க."

என் பெயர் அம்பலவாணன். உங்கள் பெயர்? பச்சையம்மா. நல்லது. முதல் விண்ணப்பமா? அப்படியானால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் பெண்ணின் பெயரில்தான் போகவேண்டும். ஆண் பெயரில் கொடுத்தால் வீட்டை விற்றுக் குடித்துவிடுவான் என்று வீட்டுவசதி வாரியத்தின் எண்ணம். பொதுவாகச் சரிதான். நான் காப்பிக்கு மேல் எதையும் குடித்ததில்லை. ஆனாலும் விதி விதிதான். அடுத்தது, குடும்ப உறுப்பினர்கள் என்ற கட்டம். ஒரே கூரையின் கீழ் இருக்கிற எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும் அதில் வரவேண்டும். உங்கள் பெரியவள் கல்லூரியில் படிக்கிறாளா? அவளுடையதும்தான். கொடுத்தால் ஓர் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதைத் தொலைத்தால் நீங்களே தொலைந்த மாதிரி. ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தச் சீட்டைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். முறை வந்ததும் கடிதம் வரும். அன்றைக்குப் பட்டியலில் உள்ள எல்லோரும் நேரில் வந்து, உள்ளே நீலத்துணி கட்டியிருக்கிறதே, அதன் முன்னால் சேர்ந்து நிற்கவேண்டும். குடும்பமாகப் படம் எடுத்து ஒதுக்கீட்டு ஆணையில் ஒட்டுவார்கள். அதோடு காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்கிறேன். இதற்கு எனக்குப் பத்தொன்பது வருடம் ஆயிற்று.

இல்லை, இன்றைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இதோ கடிதம். 'திருமதி அ. குமுதவல்லி.' என் மனைவி. அவள் வரவில்லை. சித்திரை மாதம் இறந்துபோனாள்.

பரவாயில்லை அம்மா. அந்தச் சங்கடத்துக்கெல்லாம் நேரம் இல்லை. எனக்கு முன்னால் பதினாலு பேர் இருக்கிறார்கள். என் வழக்கை ஒழுங்காகச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடியில் ஓர் அறை. மாடி என்றால் நல்ல மாடி என்று நினைக்காதீர்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் எழுப்பிய அறை. கழிப்பறை கீழே, அடிபம்பு கீழே. நாற்பத்தொரு படி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் படி குறுகும். குடத்தை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றினால்தான் திரும்ப முடியும். குமுதா அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பாள். பிறகு இரண்டு நிமிடம் நின்றாள். கடைசி வருடங்களில் அங்கே ஒரு ஸ்டூலே போட்டுவிட்டோம். மேலே துணி தைத்துக்கொண்டிருப்பாள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் படி ஏறச் சோம்பிக் கீழே நின்று கூப்பிட்டால் இவள்தான் இறங்கிப் போவாள். நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் சொன்னபோது, "படி ஏறாதீங்கம்மா" என்றார். "அப்ப பறந்துதான் போகணும்" என்றாள். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதனால்தான் தரைத்தளம் கேட்டு விண்ணப்பித்தோம். அப்போது நாங்கள் மூன்று பேர். ஒரு பெண் குழந்தை. நப்பின்னை என்று பெயர் வைத்தேன். "நாக்குல நிக்காத பேரு" என்று குமுதா சண்டை போட்டாள், பிறகு பின்னி என்று சுருக்கிக்கொண்டாள். விண்ணப்பம் கொடுக்கும்போது ஒன்றரை வயது. மூன்று முடிவதற்கு முன் காய்ச்சல் வந்தது. நாலு நாள். அவ்வளவுதான். அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. விண்ணப்பத்தில் மூன்று பேர் என்று இருக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். மாற்றம் எதுவானாலும் முப்பது நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்று அடிக்குறிப்பு. பதினாறாம் நாள் உட்கார்ந்து மனு எழுதினேன். 'குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை மூன்று என்பதை இரண்டு எனத் திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.' ஆமாம், பதினாறாம் நாள். நீங்களும் அப்படிப் பார்க்காதீர்கள், அம்மா. அவளும் அப்படித்தான் பார்த்தாள். "இப்பவே எழுதணுமா?" என்று கேட்டாள். "தெரிந்தே ஒரு தப்பை அரசாங்கக் காகிதத்தில் விட்டுவைக்கக் கூடாது" என்றேன். பள்ளிப் பாடப்புத்தகம் அச்சாகிற நேரம், எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அவளிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"கொடுத்துவிட்டாயா?"

"குடுத்துட்டேங்க."

"நகலில் சீல் வாங்கினாயா?"

"நகல்லாம் குடுக்க மாட்டாங்களாம்."

நகலில் சீல் போடவேண்டியது அவர்கள் கடமை. மறுநாளே போய்ச் சண்டை போட்டிருக்கவேண்டும். அன்றைக்கு மட்டும் எனக்கு ஏனோ தோன்றவில்லை.

விளைவு என்ன தெரியுமா? பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை. இரண்டே பேர் என்றால் கடைசி. எங்களுக்குப் பின்னால் விண்ணப்பம் கொடுத்தவர்களெல்லாம் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் எட்டே வருடத்தில் சாவியோடு வந்து, "என்ன சார், நீங்க இன்னும் வெயிட்டிங்கா?" என்றான். ஒரு வரி உண்மை எழுதினேன், அதற்கு இத்தனை வருடம். நான் வருத்தப்படவில்லை. பொய் சொல்லித் தரைத்தளம் வாங்குவதைவிட உண்மை சொல்லி மூன்றாம் மாடியில் இருக்கலாம் என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவாள்.

ஆனால் சும்மா இருந்துவிடவில்லை. வருடத்துக்கு இரண்டு மனு. ஒருமுறை இவர்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் ஒன்பது பிழை. சிவப்பில் திருத்தி, மனுவோடு இணைத்து அனுப்பினேன். குமுதா தலையில் அடித்துக்கொண்டாள். "வீடு கேட்டு எழுதினீங்களா, பரீட்ச பேப்பர் திருத்தி அனுப்பினீங்களா? இனிமே எப்படிங்க குடுப்பான்?"

அவளும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்வாள். ஜூன் மாதப் புதுப்பித்தல். தபாலில் அனுப்பினால் போதும் என்று விதியிலேயே இருக்கிறது. எத்தனை தரம் சொல்லியும் கேட்க மாட்டாள். நேரில்தான் போவாள். அதுவும் எப்படி? பெட்டியிலிருந்து அந்த மாம்பழக்கலர்ச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, ஏதோ பெண் பார்க்கப் போகிற மாதிரி. காலை ஒன்பது மணிக்குப் போனால் மூன்று மணிக்கு வருவாள். வந்ததும் சேமியா பாயசம் வைப்பாள்.

"பட்டியல் நகர்ந்திருக்கிறதா?" என்பேன்.

"பேர் இருக்குங்க. நல்லா இருக்கு."

"பெயர் நன்றாக இருப்பதற்கு என்ன இருக்கிறது? எத்தனையாவது இடம் என்று பார்த்தாயா?"

"அத பாக்கலயே" என்று முந்திரியை வறுத்துக்கொண்டிருப்பாள்.

பாருங்கள். ஆறு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு, பார்க்கவேண்டிய ஒன்றைப் பார்க்காமல் வருவாள். அச்சகம் மூடிய பிறகு நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நீங்க வேணாம். நீங்க வந்தா அங்க தப்பு கண்டுபிடிப்பீங்க." அறிவிப்புப் பலகையில் கை வைப்பேன் என்று பயம். நியாயமான பயம்தான். அதோ பாருங்கள், 'அமைதி காக்கவும்' பலகையில் இரண்டு பிழை.

அவள் கெட்டிக்காரி இல்லை என்று சொல்லவில்லை. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்களே தவிர, எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளவேண்டும் அவளுக்கு. ஜாக்கெட் தைக்கவரும் பெண்களைப் பிடித்துவைத்து, என்ன படிக்கிறாய், அதில் என்ன பாடம், கணக்கு இருக்கிறதா, பரீட்சை எப்போது என்று துருவுவாள். "எதற்கு உனக்கு இதெல்லாம்?" என்றால், "தெரிஞ்சிக்கக் கூடாதா?" என்பாள்.

சித்திரையில், ஒரு காலை, குடம் மேலே வந்துவிட்டது, அவள் வரவில்லை. குடத்தை வைத்துவிட்டு மறுபடி இறங்கியிருக்கிறாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து. ஆம்புலன்ஸ் பையன்கள் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். அந்தத் திருப்பத்தில் நாற்காலியும் திரும்பவில்லை.

இந்த ஜூனில் நான்தான் புதுப்பித்தேன். தபாலில். பார்த்தீர்களா, தபாலில் போட்டால் போதும் என்று நான் சொன்னது சரிதான். அவள் இறந்ததைத் தெரிவிக்கும் மனுவையும் அதோடு வைத்திருக்கவேண்டும். நாலு தரம் எழுதினேன். வாசகம் சரியாக அமையவில்லை. ஐந்தாவது தரம் எழுதியது இந்தப் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அவளுடைய இறப்புச் சான்று, குழந்தையுடையது, எல்லாம் இருக்கிறது. விதியும் எனக்குச் சாதகம்தான். விண்ணப்பதாரர் இறந்தால், சான்று கொடுத்துப் பெயரை நீக்கிவிட்டு, அறுபது வயது கடந்த கணவனுக்கு ஒதுக்கலாம். முதியவர் என்பதால் தரைத்தளம். தரைத்தளம்! யாருக்கு வேண்டும் இப்போது? ஆனாலும் வாங்கிவிடுவது என்று வந்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாகச் சரியாக நடந்துகொண்டவனுக்கு இந்த நாடு ஒரு சாவி கடன்பட்டிருக்கிறது. அதை வாங்கி அவள் படத்துக்கு முன்னால் வைத்து, பார்த்தாயா, நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

என்ன கூப்பிடுகிறார்கள்? அந்த மைக்கில் பாதிச் சொல்தான் வெளியே வருகிறது. குமுதவல்லியா? நான்தான். அதற்குள்ளாகவா? பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள் போல. பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. உறை மட்டும் போதும் எனக்கு.

*

பை இருக்கிறதா? நன்றி. இல்லை, எழுந்திருக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

தண்ணீர் வேண்டாம். சரி, கொடுங்கள்.

கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். இன்னும் இல்லை. மதியம் இரண்டரை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் கவுண்ட்டரில் ஜெசிந்தா என்று ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். கடிதத்தைக் கொடுத்தேன். பெயரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "குமுதாம்மா வீட்டுக்காரரா? அவங்கள எங்க சார்? இந்த ஜூன்ல காணோமேன்னு நெனச்சேன். தபால்ல அனுப்பியிருந்தாங்க. அவங்க தபால்ல அனுப்பற ஆளே இல்லையே!"

நான் உறையைத் திறந்தேன். மனு மேலேயே இருந்தது.

அதற்குள் அந்த அம்மா கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "பாத்துக்குங்க சார். எல்லாம் சரியா இருக்கான்னு. அவங்க எப்பவும் திருப்பிக் காட்டச் சொல்வாங்க, அதான் கையே தானா திருப்புது."

பார்த்தேன். பிழை திருத்துகிறவன் ஒரு பக்கத்தை மேலிருந்துதான் பார்க்கவேண்டும். முதலில் குமுதவல்லி, குடும்பத் தலைவி. சரி. அம்பலவாணன், கணவர், வயது அறுபத்தாறு. சரி. மூன்றாவதாக ஒரு வரி.

நப்பின்னை. மகள். வயது இருபது.

இருபது, அம்மா. பழைய பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது பிறந்த தேதியைப் போட்டுவிட்டார்களாம். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வயது அதுவாக ஏறிக்கொள்ளும். வருடா வருடம். ஒன்பது, பத்து, பதினொன்று. நாங்கள் யாரும் பார்க்காமலே.

நாங்கள் என்றா சொன்னேன்? நான் பார்க்காமலே.

"பொண்ணு வரலையா சார்?" என்று கேட்டார் அந்த ஜெசிந்தா அம்மா. "போட்டோவுக்கு எல்லாரும் இருக்கணுமே. பி.காம் மூணாவது வருஷம் போறான்னு போன ஜூன்ல சொன்னாங்க. முடிச்சிருப்பாளே இப்ப? கணக்குன்னா ஆகாது, அதான் ப்ளஸ் ஒன்லயே காமர்ஸ் எடுத்துட்டா, அப்பா புஸ்தகத்துக்குள்ளயே இருக்கற மனுஷன், அவரு ஒண்ணும் சொல்லலன்னு சொன்னாங்க. பேரு வேற வித்தியாசமான பேரா, மறக்கவே இல்ல எனக்கு. ஆறாவது படிக்கிறப்ப ரெட்டை ஜடை போட்டுக்க மாட்டேன்னு அழுதாளாமே?"

என் மகள் பி.காம் படித்தாள் என்பது எனக்கு இன்று காலை பதினொன்றரை மணிக்குத்தான் தெரியும், பச்சையம்மா.

அவள் அந்த மனுவைக் கொடுக்கவே இல்லை. என்ன செய்தாளோ தெரியவில்லை. கிழித்து எறிகிறவள் அல்ல அவள். எந்தத் துணிக்கு உள்ளே வைத்துத் தைத்தாளோ.

இருங்கள், இன்னும் இருக்கிறது. குறிப்பு என்று திரையில் ஒரு கட்டம். அதைப் படித்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கோம் சார் உங்கள. பதினோரு வருஷம் முன்னாடி ஒண்ணு, ஆறு வருஷம் முன்னாடி ஒண்ணு. ரெண்டும் தரைத்தளம்தான். அம்மா வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. பொண்ணு படிப்பு கெட்டுடும், ஸ்கூலு பக்கத்துல இருக்கு, இப்ப வேணாம்னாங்க. நாங்கூடச் சொன்னேன், இப்படி விடாதீங்கம்மான்னு. சிரிச்சிட்டே போயிட்டாங்க."

கோப்பை எடுத்துக் காட்டினார். குமுதாவின் கையெழுத்து. இரண்டு தாள், இரண்டிலும் ஒரே வாசகம். 'எங்களுக்கு இப்போது வீடு வேண்டாம். பட்டியலில் பெயர் இருக்கட்டும்.' கடிதம் பகலில் வரும். பகலில் நான் அச்சகத்தில் இருப்பேன். ஒவ்வோர் எழுத்தாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். நான் நாலு தரம் எழுதியும் எனக்கு அமையாத வாசகம் அவளுக்கு ஒரே வரியில் அமைந்திருக்கிறது.

பதினோரு வருடம். நாற்பத்தொரு படி. ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. வேண்டாம் என்று நிறுத்தினேன். அவளை நாற்காலியில் கட்டி இறக்கிய அந்தத் திருப்பத்துக்கு முந்தைய படி வரை போய்விட்டது கணக்கு.

நீங்கள் கேட்பது சரிதான், அம்மா. ஏன் என்னிடம் சொல்லவில்லை? நானும் அந்தக் கவுண்ட்டரில் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டேன். பதில் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. சொல்லியிருந்தால் நான் திருத்தியிருப்பேன்.

அன்றைக்கே பஸ் பிடித்து வந்து, மூன்றை இரண்டாக்கி, நகலில் சீல் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும். 'நீங்க வந்தா தப்பு கண்டுபிடிப்பீங்க' என்றாளே, அறிவிப்புப் பலகையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த மாம்பழக்கலர்ச் சேலை, பூ, பாயசம். வருடத்தில் ஒரு நாள் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எத்தனையாவது இடம் என்று பார்த்தாயா என்று நான் கேட்டேன்.

குழந்தை போன பிறகு அதைப் பற்றி வீட்டில் பேசவேண்டாம் என்று சொன்னவன் நான்தான். பேசினால் அவள் உடைந்துபோவாள் என்று அவளுக்காகத்தான் சொன்னேன். பதினேழு வருடமாக என்னிடம் அந்தப் பெயரை அவள் ஒரு தரம்கூட எடுக்கவில்லை. இங்கே வந்து ஒரு கவுண்ட்டர்காரியிடம் ரெட்டை ஜடை பற்றிப் பேசியிருக்கிறாள்.

என்ன பேப்பர் சார் அது என்று ஜெசிந்தா அம்மா என் கையைக் காட்டிக் கேட்டார். மனு, சான்று இரண்டு, எல்லாம் கையில் இருந்தன. நீட்டினால் போதும். அரை நிமிட வேலை. இரண்டு பெயரையும் நீக்கிவிட்டு, என் ஒருவன் பெயரில் போட்டு, இன்றைக்கே சாவி. எல்லாம் சரியாக இருக்கும். ஒரு பிழை இருக்காது.

"இது வேறு வேலைக்கு" என்றேன்.

அறுபத்தாறு வருடத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் சொன்ன முதல் பொய். முதல் பொய்யை ஒருவன் இவ்வளவு மோசமாகச் சொல்ல முடியும் என்று நான் நினைத்ததில்லை. உறை கீழே விழுந்து, பொறுக்கி, மறுபடி விழுந்து. அந்த அம்மா நான் பசியில் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "டீ குடிச்சிட்டு வாங்க சார். அம்மா நல்லாயிருக்காங்கல்ல?"

"படி இறங்க முடியவில்லை" என்றேன். அது பொய்யில்லை, பாருங்கள். முழுப்பொய் இல்லை.

"அப்ப தரைத்தளம் எடுத்துக்குங்க சார், இந்தத் தடவ விட்டுடாதீங்க. மூணு பேரும் ரெண்டரைக்குள்ள வந்துட்டா இன்னைக்கே முடிச்சிடலாம். இல்லாட்டி முன்ன மாதிரி எழுதிக் குடுத்துடுங்க, வீட்டுக்காரர் கையெழுத்து போதும். ஆனா இன்னும் எத்தன வருஷம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்லுங்கள். தீர்ப்புச் சொல்கிறேன் என்றீர்களே. சரி, நான்தான் சொல்லச் சொன்னேன், நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மனுவைக் கொடுங்க சார், வீட்டை வாங்குங்க, இருக்கறவங்களுக்குத்தானே வீடு என்கிறீர்கள். நீங்கள் சொல்வதுதான் நியாயம். போன மாதம் என்னிடம் வந்து இதே வழக்கை யாராவது சொல்லியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், ஒரு விதி எண்ணையும் சேர்த்து. எனக்கும் மூச்சு வாங்குகிறது இப்போதெல்லாம். அந்த ஸ்டூல் அங்கேயேதான் கிடக்கிறது. நான் அதில் உட்காருவதில்லை, நின்றுகொள்கிறேன்.

ஆனால் அந்தத் தரைத்தளத்தில் நான் போய் என்ன செய்வேன், சொல்லுங்கள். அங்கே யாரும் இல்லை. இங்கே மூன்று பேர் இருக்கிறோம். திரையைத் திருப்பினால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், வரிசையாக, வயதோடு. குமுதாவுக்கும் இனிமேல் வயது ஏறும்.

அந்தப் பேனாவைக் கொஞ்சம் தருகிறீர்களா? நீலம்தானே. என்னிடம் சிவப்புதான் இருக்கிறது, இதில் எழுதினால் வாங்க மாட்டார்கள். தாள் இருக்கிறது, இந்த மனுவின் பின்பக்கமே... வேண்டாம், இதன் பின்பக்கம் வேண்டாம். உங்களிடம் வெள்ளைத்தாள் ஒன்று இருந்தால் கொடுங்கள்.

'எங்களுக்கு இப்போது வீடு வேண்டாம். பட்டியலில் பெயர் இருக்கட்டும்.'

அவ்வளவுதான். அவள் எழுதியதை அப்படியே பார்த்து எழுதிவிட்டேன். நாள், கையொப்பம். இந்தாருங்கள் பேனா. மூடியை இறுக்கமாகப் போடுங்கள், மை கசியும் ரகம்.

அழாதீர்கள் அம்மா, உங்கள் விண்ணப்பம் நனையும். அதை மடிக்காமல் பிடியுங்கள். உறுப்பினர் கட்டத்தில் பிறந்த தேதியை எழுத்தாலும் எழுதிவிடுங்கள், எண்ணால் மட்டும் எழுதாதீர்கள்.

பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். அடுத்த ஜூனில் தபாலில் அனுப்பப் போவதில்லை, நேரில்தான் வருவேன். அந்த ஜெசிந்தா அம்மா கட்டாயம் கேட்பார், விட மாட்டார். உங்கள் பெரியவள் கல்லூரியில் என்றுதானே சொன்னீர்கள்? உங்களுக்குத் தெரிந்திருக்கும். பி.காம் முடித்த பெண்கள் அடுத்ததாக என்ன படிப்பார்கள், அம்மா? கணக்கு அதிகம் இல்லாததாகச் சொல்லுங்கள்.